ஜீப் குலுங்கியதும் கணக்கில் ஏறியது: பக்கவாத மறுவாழ்வுத் திட்டக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

எல்லைக்கு மேற்கே, மலைமேல் இருக்கும் அந்த மருத்துவமனையின் பக்கவாத மறுவாழ்வுத் திட்டக் குழுவினருக்கு,

மருத்துவமனையின் பெயரை நான் எழுதப்போவதில்லை. படிக்கும்போதே உங்களுக்குத் தெரிந்துவிடும். கம்பத்தில் இ-சேவை மையம் நடத்துகிறவள் நான். என் அம்மா உங்கள் திட்டத்தில் எட்டு மாதம் இருந்தாள். "இருந்தாள்" என்று எழுத வைத்தது போன வாரம் என் கைப்பேசிக்கு நீங்கள் அனுப்பிய இரண்டு பக்க ஆங்கிலக் கடிதம்.

வலது கையின் அசைவுப் பதிவில் தொடர்ந்து மூன்று வாரம் ஏற்றம் இல்லை, தேக்கநிலை வந்துவிட்டது என்கிறது கடிதம். இனிமேல் குடும்பத்தாரே வீட்டில் பயிற்சி கொடுத்துக்கொள்ளலாம் என்கிறது. பத்து நாளுக்குள் கருவிகளைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், அடுத்த கட்டத்தில் கேரள முகவரி உள்ளவர்களுக்குத்தான் இடம் என்று முடிகிறது. கீழே கையெழுத்துகூட இல்லை. கணினியில் உருவானது, கையொப்பம் தேவையில்லை என்று ஒரு வரி. அந்த வரி போட்ட தாள்களைத் தினமும் கட்டுக்கட்டாக அச்சடித்துக் கொடுக்கிறவள் நான். என் வீட்டுக்கே ஒன்று வந்தபோதுதான் அது எப்படி உறைக்கும் என்று தெரிந்தது.

நீங்கள் சொல்லும் அந்த மூன்று வாரத்தில்தான் என் அம்மாவின் வலது கை வேலைக்குத் திரும்பியது. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

அம்மா முப்பது வருஷம் ஏலத்தோட்டத்துக்குப் போனவள். விடியுமுன் ஜீப், கம்பம்மெட்டு வழியாக ஏற்றம், பொழுது சாயும்போது இறக்கம். ஏலக்காய் செடியின் உச்சியில் காய்ப்பதில்லை. தூரடியில் தரையோடு படர்ந்த சரத்தில் கிடக்கும். மழையில் குந்தி உட்கார்ந்து, முதிர்ந்த காயை மட்டும் பார்த்துக் கிள்ள வேண்டும், பிஞ்சில் கை படக்கூடாது. போன ஐப்பசியில் ஒரு நாள் காலை, கிள்ளிய காய் கையிலிருந்து விழுந்துகொண்டே இருந்திருக்கிறது. குளிர் என்று நினைத்தாளாம். கங்காணி மயக்கம் என்று நினைத்து மரத்தடியில் உட்கார வைத்தார். வாய் கோணியது தெரிந்த பிறகுதான் ஜீப்பைக் கூப்பிட்டார்கள். மூளையில் அடைப்பைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும் என்பது உங்கள் டாக்டர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அம்மா வந்து சேர்ந்தபோது அந்த நேரம் தாண்டியிருந்தது. அதில் உங்கள்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. உயிரோடு திருப்பிக் கொடுத்தீர்கள். வலது கையும் வலது காலும் மட்டும் அவள் சொல்பேச்சுக் கேட்கவில்லை.

மாசியில் உங்கள் கருவிகள் எங்கள் வீட்டுக்கு வந்தன. நாள் முழுக்கக் கட்டிக்கொள்ள இரண்டு மணிக்கட்டுப் பட்டைகள், ஒரு கைக்கு ஒன்று. பயிற்சி நேரத்துக்கு மட்டும் மேற்கை, முன்கை, முதுகு என்று மூன்று. கூடவே ஒரு டேப்லெட். அம்மா எல்லாவற்றுக்கும் சேர்த்து வைத்த பெயர் வாட்ச். "ரெண்டு கையிலயும் வாட்ச் கட்டிக்கிட்டுத் திரியிறேன். ஊரே பாக்குது. மணி மட்டும் தெரிய மாட்டேங்குது."

உங்கள் ஆய்வுக்கான ஒப்புதல் படிவம் ஆங்கிலத்திலும் மலையாளத்திலும் இருந்தது. அம்மா மலையாளம் பேசுவாள், கோபம் வந்தால் மலையாளத்தில்தான் திட்டுவாள், ஆனால் எழுத்துத் தெரியாது. வலது கை வராததால் இடது பெருவிரலை வைத்தாள். ஆய்வில் சேருகிறவருக்குப் புரியும் மொழியில் ஒப்புதல் வாங்க வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ஆம் ஆண்டு நெறிமுறைகள் சொல்வதைப் பிறகுதான் படித்தேன். அன்றைக்கு நானும் கேட்கவில்லை. ஏதாவது ஒரு வழி பிறந்தால் போதும் என்றிருந்த நேரம்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒரு விளக்கம். கைப்பேசியைச் சாய்த்தால் திரையில் படமும் திரும்புகிறதே, அதைச் செய்யும் முடுக்கமானிதான் அந்தப் பட்டைக்குள்ளும் இருக்கிறது. கை வேகமெடுப்பதையும் நிற்பதையும் நொடிக்குப் பல முறை அளக்கும். பூமியின் இழுப்பைக் கழித்துவிட்டு மிச்சத்தைக் கூட்டிப் பார்க்கும். ஒரு வரம்பைத் தாண்டினால் கை அசைந்தது, தாண்டாவிட்டால் சும்மா இருந்தது. இப்படி நாள் முழுக்க எண்ணி, இடது இத்தனை மணி நேரம், வலது இத்தனை மணி நேரம் என்று ராத்திரி காட்டும். பயிற்சிப் பட்டைகளில் இதோடு சுழற்சியை அளக்கும் கைரோவும், திசையை அறியும் காந்தமானியும் உண்டு. அதனால் திரையில் ஒரு பொம்மை அம்மா செய்வதை அப்படியே செய்யும்.

கருவியை நான் குறை சொல்ல வரவில்லை. அது எங்களுக்குச் செய்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மேசைமேல் இருக்கும் டம்ளரை எட்டி எடுக்கச் சொன்னால் அம்மா எடுத்துவிடுவாள். கை நீளுகிறது என்று நான் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன். முதுகுப் பட்டை ஒவ்வொரு முறையும் கீச்சென்றது. உங்கள் பிசியோதெரபிஸ்ட் பெண் சிரித்துக்கொண்டே விளக்கினார்: முழங்கை நீளவில்லை, அம்மா உடம்பையே முன்னால் சாய்த்துக் கையைக் கொண்டுபோகிறார். பக்கவாதம் வந்தவர்கள் கண்டுபிடித்துக்கொள்ளும் குறுக்குவழி அது. அப்படியே பழகிவிட்டால் முழங்கை வேலை செய்யவே மறந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத அந்தச் சாய்வைப் பட்டைதான் காட்டிக்கொடுத்தது. அம்மா அதற்கு "கோள்மூட்டி" என்று பெயர் வைத்தாள். ஆனால் மூன்றே வாரத்தில் முதுகு நாற்காலியை விட்டு எழவில்லை, முழங்கை நீண்டது.

இன்னொன்று, கொஞ்சம் வேடிக்கை. வீட்டில் பயிற்சி செய்யும்போது பொம்மையின் கை தானாகப் பக்கவாட்டில் திரும்பிக்கொண்டே போனது. அம்மா கை நேராகத்தான் இருந்தது. கருவி கெட்டுவிட்டது என்று உங்களுக்குப் போன் செய்தேன். "பக்கத்துல இரும்பு ஏதாவது உண்டோ?" என்று கேட்டார் அந்தப் பெண். இருந்தது. என் கல்யாணச் சீராக வந்த பீரோ. காந்தமானிக்கு இரும்பு ஆகாது. நாற்காலியை முற்றத்துக்கு மாற்றியதும் பொம்மை அடங்கியது. இந்தச் சம்பவத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கருவி ஒன்று காட்டியது, ஒரு மனிதர் போன் எடுத்து ஒரு கேள்வி கேட்டார், உண்மை வேறு என்று தெரிந்தது.

முதல் வாரக் கணக்குத்தான் என்னை உலுக்கியது. உங்கள் இடத்தில் வைத்துப் பார்த்தபோது அம்மா வலது கையால் டம்ளர் எடுத்தாள், துணி மடித்தாள், மரக்கட்டையைப் பெட்டியில் போட்டாள். நல்ல மதிப்பெண். வீட்டில் பட்டை சொன்னது: இடது கை 8 மணி 10 நிமிடம், வலது கை 1 மணி 25 நிமிடம். வலக்கைப் பழக்கம் உள்ளவர்களுக்கும் ஒரு நாளில் இரண்டு கையும் ஏறக்குறைய ஒரே அளவுதான் அசையும் என்று சொன்னார் உங்கள் பிசியோதெரபிஸ்ட். அப்படியென்றால் என் அம்மாவுக்குக் கை இருந்தும் அவள் அதைப் பயன்படுத்தவில்லை.

ஏன் என்று யோசித்ததில் குற்றவாளி நான்தான். தட்டை நான் பிசைந்து கொடுத்தேன். தலையை நான் வாரினேன். தாழ்ப்பாளை நான் திறந்தேன். அன்பு என்று நினைத்து அவள் கையைக் கட்டிப்போட்டிருந்தேன். முடங்கிய கையை மறந்துவிட உடம்பு கற்றுக்கொள்கிறது என்று எட்வர்ட் டாப் என்ற உளவியலாளர் குரங்குகளை வைத்துக் கண்டறிந்ததும், நல்ல கைக்கு உறை மாட்டி மோசமான கையை வேலை வாங்கும் சிகிச்சை அதிலிருந்து பிறந்ததும் பிறகு படித்தேன். மருத்துவமனைச் சோதனையில் கை முன்னேறினாலும் வீட்டில் அதன் பயன்பாடு கூடாமலே போகலாம் என்று, இதே மாதிரி மணிக்கட்டுப் பட்டைகளைக் கட்டிப் பார்த்து, 2017-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார் எழுதியிருக்கிறார்கள். எங்கள் வீட்டில் நடந்ததும் அதுவே. கருவி இல்லாவிட்டால் இதை நாங்கள் அறிந்தே இருக்க மாட்டோம்.

அன்றிலிருந்து நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். தாழ்ப்பாள் அம்மாவுடையது. வெங்காயம் உரிப்பது அம்மாவுடையது. காலையில் வாசல் தெளிக்கச் செம்பைப் பிடிப்பது வலது கை. சிந்தியது, உடைந்தது, அவள் அழுதாள், நானும் அழுதேன். ஆடி முடியும்போது வலது கை 3 மணி 40 நிமிடம். ஒவ்வொரு ராத்திரியும் நான் நோட்டில் எழுதி வைத்தேன். ஆடிக் காற்றில் கம்பத்தில் கரண்டு போனால் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. சார்ஜ் இல்லாத நாட்களைக் கருவி "அணியவில்லை" என்று குறித்துக்கொண்டது. அதையும் நோட்டில் எழுதியிருக்கிறேன்.

ஆடிக்குப் பிறகு அந்த பிசியோதெரபிஸ்ட் மாற்றலாகிப் போய்விட்டார். அவர் இடத்துக்கு யாரும் வரவில்லை. பதினைந்து நாளுக்கு ஒருமுறை வந்துகொண்டிருந்த போன் நின்றது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை மேலே வரச் சொல்வதும் நின்றது. அதன்பின் என் அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தது பட்டையின் பதிவு திரையில் வரைந்த ஒரு கோடு மட்டும்தான்.

இனி அந்த மூன்று வாரக் கதை.

புரட்டாசியில் பக்கத்து வீட்டு அத்தை தரம் பிரிக்க ஏலக்காய் கொண்டுவந்து இறக்கினார். பெரிசு தனி, சிறிசு தனி, வெடித்தது தனி, நிறம் வெளுத்தது தனி. அம்மா கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தாள். பிறகு "அந்த மொறத்த இங்கிட்டுத் தள்ளு" என்றாள். இடது கையால் முறத்தைப் பிடித்து அலசிக்கொண்டு, வலது கையின் பெருவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் ஒவ்வொரு காயாகக் கவ்வி எடுத்தாள். முதல் நாள் பத்துக் காய்க்கு நாலு விழுந்தது. இரண்டாவது வாரம் ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணினேன். பத்து நிமிடத்தில் 112 காய், விழுந்தது 9.

இந்த 112-க்குப் பக்கத்தில் இன்னொரு எண்ணை வைக்கிறேன். 2009-ல் அமெரிக்காவிலும் கனடாவிலும் 312 பயிற்சி அமர்வுகளைக் கூடவே இருந்து எண்ணிப் பார்த்தார்கள். ஓர் அமர்வில் நோயாளி கையை வேலைக்குப் பயன்படுத்திச் செய்த அசைவுகளின் சராசரி 32. கை திரும்ப வர நூற்றுக்கணக்கான முறை செய்ய வேண்டும் என்று விலங்குகளிடம் கண்டிருக்கும்போது, கிடைப்பது 32 என்பதுதான் அந்த ஆய்வின் ஆதங்கம். எங்கள் திண்ணையில் என் அம்மா அதைவிடப் பல மடங்கை, யாரும் சொல்லாமல், தினம் இரண்டு மணி நேரம் செய்துகொண்டிருந்தாள். முப்பது வருஷம் அவளுக்குச் சோறு போட்ட அதே விரல் வேலை.

பட்டை என்ன பார்த்தது? மணிக்கட்டைப் பார்த்தது. காய் பொறுக்கும்போது முன்கை மடியில் ஊன்றியிருக்கும், மணிக்கட்டு அசையாது, வேலை முழுவதும் இரண்டு விரல் நுனியில். முடுக்கமானிக்கு அது சும்மா உட்கார்ந்திருப்பதுதான். முறத்தை அலசிய இடது கையோ மணிக்கணக்கில் அசைந்ததாகப் பதிவானது. வலது கை தேறத் தேற, உங்கள் கணக்கில் அது இடது கையிடம் தோற்றுக்கொண்டே போனது.

இதை நான் கண்டுபிடித்ததாகப் பெருமை பேசவில்லை. மணிக்கட்டுக் கருவி விரல் நுணுக்கத்தைச் சரியாகப் பிடிக்காது, நடக்கும்போது வீசும் கையையும் வேலை செய்யும் கையையும் அதற்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது என்பது இந்தத் துறையில் எல்லோரும் அறிந்த சங்கதி. உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. தெரிந்தவர் யாரும் கோட்டைப் பார்க்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

நோட்டைப் பின்னோக்கிப் புரட்டியபோது இன்னொன்று அகப்பட்டது. மாசியிலிருந்து ஆடிவரை அம்மாவின் வலது கை மிகச் சிறப்பாக வேலை செய்ததாகக் கருவி காட்டிய நாட்கள் எல்லாம் ஒரே மாதிரி நாட்கள். இடதுக்கும் வலதுக்கும் வித்தியாசமே இல்லாத அளவு நல்ல நாட்கள். தேதியை ஒத்துப் பார்த்தேன். அத்தனையும் உங்கள் மருத்துவமனைக்கு நாங்கள் வந்த நாட்கள். கம்பம்மெட்டு ஏற்றத்தில் ஜீப்பில் குலுங்கியபடி வருகிறோம், போகிறோம். இரண்டு கையும் மடியில் கிடக்க, இரண்டு மணிக்கட்டும் ஒரே மாதிரி ஆடுகின்றன. அதை உங்கள் கணக்கு கைகளின் உழைப்பாக எடுத்துக்கொண்டது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை அந்த மூன்று மணி நேரக் குலுக்கல் சராசரியைத் தூக்கிக்கொடுத்திருக்கிறது. பிசியோதெரபிஸ்ட் போனார், நீங்கள் வரச் சொல்லவில்லை, ஜீப் ஏறவில்லை, கோடு தட்டையானது. அதற்குத் தேக்கநிலை என்று பெயர் வைத்தீர்கள்.

என் மேசையில் தினமும் நடப்பதைச் சொல்கிறேன். தோட்ட வேலை, கட்டட வேலை செய்கிறவர்கள் ஆதார் வேலைக்காக வந்து விரல் வைப்பார்கள். ரேகை தேய்ந்திருக்கும். கருவி ஏற்காது. துடைத்து வைப்பார்கள், எச்சில் தொட்டு வைப்பார்கள், வேறு விரல் வைப்பார்கள். அம்மாவுக்கும் அப்படித்தான், காய் கிள்ளியே தேய்ந்த விரல். அதற்காக "நீ அந்த ஆள் இல்லை" என்று சொல்லி அனுப்பிவிட முடியாது. கருவிழியைப் படம் பிடித்துச் சரிபார்க்க வழி இருக்கிறது, கைப்பேசிக்கு எண் அனுப்பிச் சரிபார்க்க வழி இருக்கிறது. அந்த வழி இருந்தும் திருப்பி அனுப்புகிறவர்கள் உண்டு, அவர்களோடு நான் சண்டை போட்டிருக்கிறேன். இப்போது உங்களோடு போடுகிறேன். உங்கள் பட்டைக்குத் தெரியாத வேலையை என் அம்மா செய்தால், அதைத் தெரிந்துகொள்ள உங்களிடம் இரண்டாவது வழி ஒன்று இருக்க வேண்டாமா? ஒரு போன் போதுமே. பீரோவைக் கண்டுபிடித்தது அப்படித்தானே?

குடும்பத்தாரே பயிற்சி கொடுத்துக்கொள்ளலாம் என்ற வரிக்கு வருகிறேன். படிக்க இதமான வரி. ஆனால் இதை நம் நாட்டிலேயே சோதித்துப் பார்த்துவிட்டார்கள். 14 மருத்துவமனைகள், 1250 நோயாளிகள். குடும்பத்தில் ஒருவரைப் பழக்கி, வீட்டில் பயிற்சி கொடுக்கச் சொல்லி அனுப்பினார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது இறப்பிலோ பிறரைச் சார்ந்திருப்பதிலோ வழக்கமான கவனிப்பைவிட மேலான பலன் இல்லை. 2017-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த அந்த ஆய்வு உங்கள் கண்ணில் படாமல் இருந்திருக்காது. நான் காலை ஒன்பது மணிக்குக் கடை திறக்க வேண்டும். முதுகு சாய்கிறதா, முழங்கை நீள்கிறதா என்று பார்க்க எனக்குப் பட்டையும் வேண்டும், பட்டை சொல்வதைப் படித்துச் சொல்ல ஒரு ஆளும் வேண்டும். இரண்டையும் எடுத்துக்கொண்டு, மிச்சத்தை நீயே பார் என்கிறீர்கள்.

முகவரி விஷயத்தில் எனக்குக் கோபம் அதிகம், சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன். என் அம்மா முப்பது வருஷம் வேலை செய்தது கேரளத்தில், ராத்திரி படுத்தது தமிழ்நாட்டில். அவள் கிள்ளிய காய் புத்தடியிலும் ஏலம் போகும், போடியிலும் ஏலம் போகும், அதன் முகவரியை யாரும் கேட்பதில்லை. விழுந்தது உங்கள் மண்ணில். சேர்த்துக்கொண்டதும் நீங்கள். பணம் எந்த மாநிலத்தினுடையது என்ற நெருக்கடி உங்களுக்கு இருக்கலாம், அது எனக்குப் புரியும், அரசுப் படிவங்களோடு வாழ்கிறவள்தான் நானும். அப்படியென்றால் மாசியில் சேர்க்கும்போதே சொல்லியிருக்க வேண்டும். கம்பம், கூடலூர், கோம்பை, தேவாரம் என்று தினமும் மலையேறும் பெண்களில் எத்தனை பேருக்கு மேலே முகவரி இருக்கிறது?

இந்தப் பக்கம் எதுவுமே இல்லை என்றும் சொல்லமாட்டேன். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீடு தேடி இயன்முறை மருத்துவர் வருவது உண்டு. எங்கள் தெருவுக்கும் ஒருவர் வருகிறார், நல்ல மனிதர். அவர் முதல் நாள் கேட்டது, "இதுக்கு முன்னாடி என்ன பார்த்தாங்க, ரிப்போர்ட் ஏதும் இருக்கா?" டேப்லெட்டைத் திறந்தேன். உங்கள் கடிதம் வந்த நாளிலேயே பழைய பதிவுகளைப் பூட்டிவிட்டீர்கள் போல. எட்டு மாதமும் போய்விட்டது. கையில் இருந்தது என் நோட்டு மட்டும். எண்ணெய்க்கறை படிந்த அந்த நோட்டைத்தான் அவரிடம் நீட்டினேன்.

அந்தப் பதிவு யாருடையது? ஆராய்ச்சித் தரவு, நிறுவனத்துக்குச் சொந்தம் என்றார் போனை எடுத்தவர். அசைந்தது என் அம்மாவின் கை. ராத்திரி சார்ஜ் போட்டது என் வீட்டுக் கரண்டு. தன்னைப் பற்றிய தகவலின் சுருக்கத்தைக் கேட்டுப் பெறும் உரிமை தனிமனிதருக்கு உண்டு என்று 2023-ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பேசுகிறது. ஆய்வு முடிந்தபின் அதன் பலன் பங்கேற்றவருக்கும் கிடைக்க வேண்டும் என்று முன்பு சொன்ன 2017 நெறிமுறைகளும் பேசுகின்றன. சட்டம் காட்டி மிரட்டவில்லை. கேட்பது பிச்சை இல்லை என்று தெரிவிக்கிறேன்.

நான் கேட்பவை இவை.

அம்மாவை விலக்கிய முடிவை நிறுத்தி வையுங்கள். கைக்கான மறுவாழ்வுப் பயிற்சி தெரிந்த ஒருவர் நேரில் பார்த்துச் சொல்லட்டும். பார்த்தபின்னும் இதற்குமேல் வராது என்று அவர் சொன்னால், நாங்கள் ஏற்றுக்கொள்கிறோம். அவள் விரல்களைப் பார்க்காமல் சொன்னதைத்தான் ஏற்க முடியாது. இது அம்மாவுக்கு மட்டுமான கோரிக்கை அல்ல. கோட்டை மட்டும் வைத்து யாரையும் திட்டத்திலிருந்து அனுப்பாதீர்கள். அனுப்புமுன் வீட்டுக்கு ஒரு போன் போட்டு, இந்த நாட்களில் கை என்ன வேலை செய்தது என்று கேட்பதை விதியாகவே எழுதி வையுங்கள்.

எட்டு மாதப் பதிவை அச்சிட்டுக் கொடுங்கள். முழுவதும் வேண்டாம் என்றால், வாரத்துக்கு ஒரு வரியாக ஒரே தாளில், முதல் வாரம் முதல் கடைசி வாரம் வரை. அதோடு உங்கள் பிசியோதெரபிஸ்டின் குறிப்புகளும். இந்தப் பக்கத்து இயன்முறை மருத்துவர் விட்ட இடத்திலிருந்து தொடர அது போதும். நிதி காரணமாகக் கேரளத்துக்கு வெளியே கொடுக்கவே முடியாது என்றால், அதை எழுத்தில் சொல்லுங்கள், ஆனால் பாதியில் இறக்கிவிடாதீர்கள். ஏற்கெனவே சேர்த்தவர்களுக்கு அவர்களுடைய சிகிச்சை முடியும்வரை தொடருங்கள்.

ஒப்புதல் படிவமும் டேப்லெட்டும் தமிழில் வேண்டும். உங்கள் வார்டில் பாதிக் கட்டில்களில் பேசப்படுவது தமிழ்தான், போய்க் கேட்டுப் பாருங்கள். மொழிபெயர்க்க ஆள் இல்லை என்றால் எனக்கு அனுப்புங்கள், காசு வேண்டாம். பட்டையோடு ஒரு சின்ன நோட்டும் கொடுங்கள். எத்தனை மணிக்கு என்ன வேலை, எத்தனை மணிக்கு ஜீப், எப்போது கரண்டு போனது என்று வீட்டார் எழுதட்டும். எழுதத் தெரியாதவர்கள் குரலில் பதியட்டும். வண்டியில் போன நேரத்தைக் கணக்கிலிருந்து கழியுங்கள். விரல் வேலையை மாதம் ஒருமுறையாவது கண்ணால் பார்த்து எண்ணுங்கள். காலியாக இருக்கும் பிசியோதெரபிஸ்ட் இடத்துக்கு ஆள் போடுங்கள். எனக்குத் தெரிந்து, நீங்கள் பட்டைகளுக்குச் செலவழித்ததில் பெரும்பகுதி வீணாகாமல் காத்தவர் அவர்தான்.

கருவிகள் பத்திரமாக இருக்கின்றன. துடைத்து, சார்ஜ் ஏற்றி, மேசைமேல் வைத்திருக்கிறேன். நீங்கள் சொன்ன கடைசித் தேதியன்று கொண்டுவருகிறோம், அம்மாவும் வருகிறாள். ஒரு முறமும் கால் கிலோ ஏலக்காயும் எடுத்துவருவாள். அரை மணி நேரம் ஒதுக்கி, யாராவது ஒருவர் எதிரில் உட்காருங்கள்.

அன்று மணிக்கட்டுப் பட்டைகளைக் கட்டிக்கொண்டுதான் வருவாள். காலை ஆறரையிலிருந்து எட்டுவரை உள்ள பதிவை மட்டும் விட்டுவிடுங்கள். அது ஜீப்பில் வருகிற நேரம்.

இப்படிக்கு,
கம்பத்திலிருந்து, உங்கள் முன்னாள் நோயாளி ஒருவரின் மகள்